பெரிய பிள்ளைகளோடு தீவு ரிசார்ட்: எந்த ஊர், எத்தனை அறை?

வாய்க்கால்கரை (ஈரோடு) கேட்டது:

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். பெரியவனுக்கு 22, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. மகளுக்கு 19, கோவையில் படிக்கிறாள். சின்னவனுக்கு 15, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறான். அடுத்த வருடம் யார் எந்த ஊரில் இருப்பார்கள் என்று தெரியாது. அதனால் வருகிற ஏப்ரல் கடைசியில் எப்படியாவது ஒரு ஐந்தாறு நாள் எல்லோரும் சேர்ந்து போய் வரவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

போன வருடம் ஒரு மலை ரிசார்ட்டுக்குப் போனோம். பெயர் வேண்டாம். "ஃபேமிலி சூட்" என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். போய்ப் பார்த்தால் ஒரே அறை, ஒரே குளியலறை. ஒரு கட்டில், இரண்டு எக்ஸ்ட்ரா பெட், விரித்தால் படுக்கையாகிற ஒரு சோபா. பெரியவன் கால் சோபாவைத் தாண்டி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மகள் உடை மாற்றும்போதெல்லாம் நாங்கள் நாலு பேரும் வராந்தாவில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். கிட்ஸ் கிளப் பன்னிரண்டு வயது வரைதான். மற்றவர்களுக்கு ஒரு கேரம் போர்டு இருந்தது, அதிலும் காய் இரண்டு குறைவு. மூன்றாம் நாள் காலையில் பெரியவன் ஆபீஸில் அவசரம் என்று பஸ் ஏறிவிட்டான். அப்படி ஒரு அவசரமும் இல்லை என்று மகள் பிறகுதான் சொன்னாள்.

இந்தத் தடவை கடல் வேண்டும் என்கிறாள் மகள். ஏஜென்ட் ஒருவர் மாலத்தீவு நாலு இரவு, "ஃபேமிலி ரேட்" என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். விமானத்தோடு சேர்த்து ஐந்து லட்சத்துக்குள் முடிக்க ஆசை. பிள்ளைகள் மூவருக்கும் நீச்சல் தெரியும். எனக்கும் தெரியும், சின்ன வயதில் காலிங்கராயன் வாய்க்காலில் பழகியது. வீட்டுக்காரருக்குத் தெரியாது, தண்ணீர் என்றால் முழங்கால் வரைதான். சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டார்.

மாலத்தீவு எங்களுக்குச் சரிப்படுமா? இரண்டு அறை போதுமா, மூன்று வேண்டுமா? இந்த வயதுப் பிள்ளைகள் நாலு நாள் அங்கே என்னதான் செய்வார்கள்?

முத்துநகர் (தூத்துக்குடி):

அக்கா, ஏஜென்ட் சொன்ன தொகை எத்தனை பெரியவர்களுக்கு என்று முதலில் கேளுங்கள்.

நான் மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டின் கணக்குப் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். புறப்படும் நாளன்று பில்லைப் பார்த்து முகம் மாறிய அப்பாக்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அங்கே பெரும்பாலான இடங்களில் குழந்தைக் கட்டணம் 11 வயது வரைதான். 12 ஆகிவிட்டால் முழு ஆள். உங்கள் வீட்டில் ஐந்து பேரும் முழு ஆள். "இரண்டு பெரியவர், மூன்று குழந்தை" என்று போட்டுத்தான் உங்கள் ஏஜென்ட் விலை சொல்லியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம். பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி இருக்கிறதே, செக் இன் செய்யும்போது தெரிந்துவிடும்.

அடுத்தது வரி. பசுமை வரி என்று தலைக்கு ஒரு இரவுக்கு 12 டாலர். 2025 ஜனவரிக்கு முன்பு 6 டாலராக இருந்தது. ஐந்து பேர், நாலு இரவு: 240 டாலர். இது அறை வாடகையில் சேர்ந்திருக்கிறதா, தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். மெனு அட்டையில் விலைக்குப் பக்கத்தில் "++" என்று போட்டிருப்பார்கள். முதல் கூட்டல் குறி 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ். இரண்டாவது, அந்த மொத்தத்தின் மேல் 17 விழுக்காடு வரி (2025 ஜூலையிலிருந்து). 100 டாலர் என்று போட்டிருந்தால் நீங்கள் கட்டப்போவது 128.70. தீவில் வேறு கடை கிடையாது. மூன்று வளர்ந்த பிள்ளைகள், மணிக்கொரு தரம் பசிக்கும் வயது. மாலத்தீவு போவதாக இருந்தால் மூன்று வேளையும் சேர்ந்த பேக்கேஜ் இல்லாமல் போகாதீர்கள்.

தண்ணீர் மேல் நிற்கும் வில்லாக்களில் பெரும்பாலும் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர்தான். உங்களுக்குக் குறைந்தது இரண்டு வில்லா. தலைநகர் மாலேக்குப் பக்கத்துத் தீவு என்றால் ஸ்பீட் போட்டில் கூட்டிப் போவார்கள். தூரம் என்றால் சீபிளேன் (தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம்), அதற்குத் தலைக்குத் தனிக் கட்டணம், அதுவே கண்ணைக் கட்டும். சீபிளேன் வெளிச்சம் இருக்கும்வரைதான் பறக்கும். உங்கள் விமானம் சாயங்காலம் இறங்கினால் அன்றிரவு மாலே பக்கத்தில் ஒரு அறை எடுக்க வேண்டிவரும்.

அப்புறம் ஒரு விஷயம், இதைப் பலரும் கேட்பதே இல்லை. தீவுக்கு ஹவுஸ் ரீஃப் இருக்கிறதா, கரையிலிருந்து எவ்வளவு தூரம்? அதாவது கரையை ஒட்டியே பவளத்திட்டு இருந்தால் பிள்ளைகள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நினைத்த நேரத்தில் இறங்கலாம், காசு இல்லை. வெறும் மணல் லகூன் (ஆழமில்லாத அமைதியான கடல்) என்றால் படத்தில் அழகாக இருக்கும். மீன் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் படகுக்குப் பணம். பெரிய பிள்ளைகளுக்கு நாலு நாள் எப்படிப் போகும் என்பதை முக்கால்வாசி இதுதான் தீர்மானிக்கும்.

செலவைக் குறைக்க மாஃபுஷி மாதிரி மக்கள் வசிக்கும் தீவில் கெஸ்ட் ஹவுஸ் எடுக்கலாம். அங்கே நீச்சல் உடை அதற்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். மது கிடையாது. ஏப்ரல் கடைசி, மே என்பது அங்கே காற்று திரும்புகிற நேரம், அதனால்தான் மே மாத ரேட் இறங்குகிறது. உங்கள் ஏஜென்டின் "டீல்" எங்கிருந்து வருகிறது என்று புரிந்திருக்கும்.

கிள்ளான் அக்கா (மலேசியா):

வணக்கம் ஈரோட்டு அக்கா. எங்கள் வீட்டில் 17, 20. இரண்டு வருடமாக பெர்ஹெந்தியான் தீவுக்குத்தான் போகிறோம், அதனால் அதையே சொல்கிறேன்.

உங்கள் ஊர்க்காரர்கள் மலேசியா என்றதும் லங்காவி என்கிறார்கள். லங்காவி நல்ல ஊர்தான், கேபிள் கார், வரி இல்லாத கடைகள் எல்லாம் உண்டு. ஆனால் அது மேற்குக் கரை. அங்கே வெயில் காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. தண்ணீரும் உள்ளே பார்க்கிற அளவுக்குத் தெளிவு இல்லை. கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று, ரிசார்ட்டுகளில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும். மார்ச்சில் திறப்பார்கள். ஏப்ரல் கடைசியில் கடல் கண்ணாடி மாதிரி. உங்கள் கோடை விடுமுறைக்கென்றே அமைந்த கடல்.

கோலாலம்பூரிலிருந்து கோத்தா பாருவுக்கு ஒரு மணி நேரம் விமானம். அங்கிருந்து கோலா பெசுட் ஜெட்டிக்கு டாக்சியில் இன்னொரு மணி நேரம். பிறகு வேகப்படகு. படகில் பின்வரிசையில் உட்காருங்கள், முன்னால் உட்கார்ந்தால் அலை அடிக்கிற அடியில் இடுப்பு கழன்றுவிடும். சாயங்காலத்துக்கு மேல் படகு இல்லை, ஆகவே கோத்தா பாருவுக்குக் காலை விமானம் எடுங்கள். தீவு இரண்டு. சின்னது (கெச்சில்) இளவட்டங்கள் கூடும் இடம், இரவில் பாட்டுச் சத்தம். பெரியது (பெசார்) குடும்பங்களுக்கு. சாலையே கிடையாது. ஒரு கடற்கரையிலிருந்து இன்னொன்றுக்கு வாட்டர் டாக்சி, இல்லையென்றால் காட்டுப் பாதை. பிள்ளைகள் தாங்களே படகு டாக்சி பேசிச் சின்னத் தீவுக்குப் போய்விட்டு வருவார்கள், அந்தச் சின்ன சுதந்திரம் அவர்களுக்குப் பெரிய விஷயம். கையில் ரிங்கிட் ரொக்கமாக வைத்திருங்கள்.

சாப்பாடுதான் கொஞ்சம் இடிக்கும். அண்ணனிடம் சொல்லுங்கள், கங்கோங் கீரை பச்சையாக அழகாக வரும், அதில் பெலாச்சான் இருக்கும், இறால் விழுது. "பெலாச்சான் வேண்டாம்" என்று தனியாகச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைக்குப் பருப்புப் பொடி கொண்டு வந்துவிடுங்கள், சோறு எங்கேயும் கிடைக்கும்.

மகளுக்கும் உங்களுக்கும் உடை பற்றிக் கவலை வேண்டாம். மலாய்ப் பெண்கள் தலை முதல் கால் வரை மூடிய நீச்சல் உடையில்தான் கடலில் இருப்பார்கள், அவர்கள் பக்கத்திலேயே வெள்ளைக்காரப் பெண்கள் பிகினியில். யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) 10 வயதுக்கு மேல் யாரும் முயன்று பார்க்கலாம். மருத்துவக் கேள்வித்தாள் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, வீசிங் என்று எதற்காவது "ஆம்" போட்டால் டாக்டர் கடிதம் கேட்பார்கள், ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆழத்துக்குப் போய் வந்த பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது, அதனால் கடைசி நாளில் வைக்காதீர்கள். சின்னச் சுறாக்கள் வரும், அவை ஒன்றும் செய்யாது. பயப்பட வேண்டியது டைட்டன் ட்ரிகர் மீனுக்குத்தான். முட்டையிட்டிருக்கும் காலத்தில் பக்கத்தில் போனால் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூம்பு மாதிரி மேல்நோக்கி விரியும், அதனால் மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்காமல் பக்கவாட்டில் விலக வேண்டும். மணல் ஈக்களுக்குத் தேங்காய் எண்ணெய்.

இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் கடைசி வரை 30 நாள் விசா வேண்டாம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டை மட்டும் நிரப்புங்கள். மே 1 எங்களுக்கும் விடுமுறை, அறை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

தேன்நாட்டான் (மட்டக்களப்பு):

அக்கா, எங்கட பக்கத்தையும் ஒருக்கா யோசியுங்கோ. இலங்கையின் தெற்கு, மேற்குக் கடற்கரைகளுக்கு நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை சீசன். கிழக்குக்கு அதற்குப் பிறகுதான், மே முதல் செப்டம்பர் வரை. உங்கள் விடுமுறைக்கு நிலாவெளியும் பாசிக்குடாவும்.

பாசிக்குடா வளைகுடா நீச்சல் தெரியாதவருக்கென்றே படைத்தது. நெடுந்தூரம் உள்ளே நடந்து போகலாம், இடுப்பளவுதான் தண்ணீர், அலையும் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அண்ணனுக்குச் சொர்க்கம், பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே அலுக்கும். ஆகவே இரண்டு இரவு அங்கே, இரண்டு இரவு நிலாவெளியில் என்று பிரியுங்கள். நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவு கொஞ்ச நேரம்தான். தேசியப் பூங்கா, பவளம், கருமுனைச் சுறாக் குட்டிகள். பவளத்தில் கால் வைக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள், ஏற்கெனவே மிதித்து மிதித்து நிறையப் போய்விட்டது. அங்கே நின்றால் திருக்கோணேஸ்வரமும் கன்னியா வெந்நீரூற்றும் பக்கம். மூத்த மகனுக்கு அலைச்சறுக்கு பழக ஆசை இருந்தால் தெற்கே அறுகம்பே.

குறை என்றால் பயணம். கட்டுநாயக்கா (கொழும்பு விமான நிலையம்) வந்து இறங்கினால் திருகோணமலைக்கு வேனில் முழுசாக ஆறு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கோ. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரே பறந்தால் கொஞ்சம் குறையும். மொழிப் பிரச்சினை இல்லை, சாப்பாட்டுப் பிரச்சினையும் இல்லை. செலவும் உங்கள் கணக்குக்குள் அடங்கும்.

அரியர் இல்லாதவன்:

ஆன்ட்டி, எனக்கு 20. உங்கள் பிள்ளைகள் இடத்திலிருந்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் தீவு என்பதெல்லாம் ரெண்டாம் பட்சம். அறைச் சாவி அவர்கள் கையில் இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டி "பஃபே மூடிடுவான்" என்று எழுப்பக்கூடாது. சாயங்காலம் எல்லோரும் ஒரே கலர் சட்டை போட்டு போட்டோ எடுப்பது ஒரு நாள் போதும். எங்கள் அம்மா நாலு நாளும் எடுத்தார்கள். அப்புறம் உங்கள் பெரிய மகன் சம்பாதிக்கிறார் இல்லையா? ஏதாவது ஒரு செலவை அவரிடம் விட்டுவிடுங்கள். நான் இன்டர்ன்ஷிப் பணத்தில் ஒரு இரவுச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன், அந்தப் பயணத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது அதுதான்.

வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் நன்றிங்க. முத்துநகர்த் தம்பி சொன்ன மாதிரியே ஏஜென்டிடம் கேட்டேன். "பசங்களுக்கு என்ன வயசுன்னு நீங்க சொல்லலையே மேடம்" என்றார். முதல் போனிலேயே சொல்லியிருந்தேன். ஐந்து பெரியவர்கள் என்று போட்டதும் தொகை இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் போய்விட்டது. மாலத்தீவு போச்சு.

மூவரையும் வீடியோ காலில் உட்கார வைத்து மற்ற இரண்டையும் காட்டினேன். மகளுக்கு இரண்டும் சம்மதம். சின்னவன் சுறா எங்கே அதிகம் என்று மட்டும் கேட்டான். பெரியவனுக்கு ஐந்து நாள்தான் லீவு, ஆறு மணி நேர வேன் பயணத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, எங்களுக்கு அது வசதி. ஆக பெர்ஹெந்தியான் பெசார்.

அறைக் கணக்கில்தான் ஒரு வாரம் ஓடியது. சின்ன மரக் குடில்கள் மூன்று எடுத்தாலும் ஏஜென்ட் சொன்ன ஒரு வில்லாவின் விலை வரவில்லை. ஆனால் மகளைத் தனி அறையில் விட வீட்டுக்காரருக்கு மனசில்லை, அந்நிய ஊர், காடு வேறு. கடைசியில் வரிசையாக மூன்று குடில், நடுவில் இருப்பது அவளுக்கு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கினோம். பெரியவன் எல்லோருக்கும் படகுச் செலவு தன்னுடையது என்று சொல்லிவிட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த இழையை அவனுக்கு அனுப்பியது மட்டும்தான்.

வாய்க்கால்கரை (மே இரண்டாம் வாரம்):

போய் வந்தோமுங்க. கேட்டவர்களுக்காகச் செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து எண்பதாயிரம் சொச்சம். அதில் பாதி விமானம்.

என் தவறு ஒன்று. கிள்ளான் அக்கா டாக்டர் கடிதம் என்று தெளிவாக எழுதியிருந்தார். சின்னவனுக்கு எட்டு வயது வரை வீசிங் இருந்தது எனக்கு ஞாபகமே வரவில்லை. டைவ் கடையில் படிவத்தை நிரப்பும்போது அவனே நேர்மையாக "ஆம்" போட்டான். விடவில்லை. அண்ணனும் அக்காவும் சிலிண்டரை மாட்டிக்கொண்டு போக, இவன் ஜெட்டியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் ஸ்நார்கெல் (மாஸ்க், மூச்சுக்குழாயோடு மிதந்து மீன் பார்ப்பது) போன இடத்தில் ட்ரிகர் மீன் பெரியவனின் துடுப்புச் செருப்பைக் கடித்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனதும்தான் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் செருப்புக்கு வாடகைக் கடையில் அபராதம் கட்டினோம்.

காலையில் யாரையும் எழுப்பவில்லை. முதல் நாள் எனக்குக் கை பரபரத்தது. நானும் வீட்டுக்காரரும் ஏழரைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து படியில் உட்கார்ந்திருப்போம். பத்து மணிக்கு மேல் நடுக் குடில் கதவு திறக்கும். பையன்கள் நூடுல்ஸ் டப்பாவோடு வருவார்கள். இரவில் மூவரும் நடுக் குடிலில் சேர்ந்து சீட்டாடுவது எங்களுக்குக் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று புரியாது, சிரிப்பு மட்டும்தான்.

மூன்றாம் நாள் மகள் என்னைக் கடலுக்குள் கூட்டிப் போனாள். முழுக்கை ராஷ் கார்டு (நீச்சல் சட்டை), கீழே லெக்கின்ஸ். மாஸ்க்கில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, எனக்கு மூச்சு முட்டியது. அவள் நிறுத்தி, நெற்றியில் சிக்கியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்து ரப்பருக்கு வெளியே தள்ளினாள். "அம்மா, மூக்கால இழுக்காத. வாயால மட்டும்." சின்ன வயதில் வாய்க்காலில் குதித்துத்தான் பழக்கம், தண்ணீருக்குள் கண் திறந்ததே இல்லை. திறந்தாலும் மண்தான் தெரியும். இங்கே கீழே ஒரு பெரிய சிப்பி, உதடு மாதிரி நீலமும் ஊதாவுமாக. எங்கள் நிழல் மேலே பட்டதும் மெதுவாக மூடிக்கொண்டது. நான் தண்ணீருக்குள்ளேயே "அய்யோ" என்று கத்திவிட்டேன், குழாய் வழியாக அது வேறு மாதிரி கேட்டதாம். இன்னும் வீட்டில் அதைச் செய்து காட்டுகிறார்கள்.

வீட்டுக்காரர் நாலு நாளும் லைஃப் ஜாக்கெட்டோடு முழங்காலைத் தாண்டவில்லை. கடைசி நாள் மட்டும் பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பு வரை போனார். பருப்புப் பொடி சனிக்கிழமை மதியமே தீர்ந்துவிட்டது, அதில் பாதியைப் பக்கத்துக் குடில் சீனக் குடும்பம் சாப்பிட்டது.

தேன்நாட்டுத் தம்பி, பாசிக்குடாவில் இடுப்பளவுத் தண்ணீர் எவ்வளவு தூரம் வரை இருக்கும் என்று அவர் கேட்கச் சொன்னார்.